அண்ணனின் வெந்நீர்த் தொட்டி விற்பனைக்கு இல்லை

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள், ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

நினைவு மலர்கள் நானும் நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றில் இறந்துபோன எல்லாருமே பொறுமையின் சிகரங்கள். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்கள். எங்கள் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. சட்டென்று கோபப்படுவார், சத்தமாகப் பேசுவார், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பார். தப்பு என்று தெரிந்துவிட்டால் அதே சத்தத்தோடு நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வார். அவரை நல்ல பிள்ளையாக்கி எழுதினால் அவரே கல்லறையிலிருந்து எழுந்து வந்து பேனாவைப் பிடுங்கிவிடுவார். எனவே இருந்தபடியே எழுதுகிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. "தொட்டிய என்ன பண்ணப் போற?" தோப்பு ஓரத்துத் தகரக் கொட்டகையில் அண்ணன் வைத்துவிட்டுப் போன வெந்நீர்த் தொட்டியைத்தான் கேட்டார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், இடத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விடலாம் என்று யோசனையும் கூடவே வந்தது. அன்று நான் இலையை எடுக்கப் போய்விட்டேன். பதிலை இன்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அண்ணனின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில், அந்தோணியார் கோயிலுக்கு எதிர்த்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டில் அண்ணன் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். அப்பாவுக்குச் சின்ன மாந்தோப்பு ஒன்றும், கொள்ளும் அவரையும் போட மேட்டு நிலம் கொஞ்சமும் இருந்தன. அண்ணன் ஓசூரில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். படிப்பு முடிந்த கையோடு வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஃபர்னஸ் பிரிவு. இரும்புப் பற்சக்கரங்களைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வெளியே எடுத்த மாத்திரத்தில் எண்ணெயில் முக்குவார்கள். அப்படிச் செய்தால்தான் இரும்பு இறுகும். அதற்குக் குவென்ச் என்று பெயர். எங்கள் வீட்டில் அம்மா உட்பட எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியும், அண்ணன் அத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

என் கல்யாண வாழ்க்கை சரியாக அமையவில்லை. நான் பெட்டியோடு வந்து நின்றபோது, திருப்பி அனுப்பிவைப்பதுதான் முறை என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்தவர், வாசலிலேயே நின்று, "எந்தங்கச்சி எங்கயும் போக மாட்டா. வேற பேச்சு இருந்தா பேசுங்க" என்றார். வேறு பேச்சு இல்லை. ஓசூரில் தொழிற்பேட்டைப் பக்கம் எனக்கு ஒரு மெஸ் வைத்துக் கொடுத்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நாலு பாஷையிலும் "இன்னும் கொஞ்சம் சாம்பார்" கேட்கும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு நான் தலைநிமிர்ந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் சாகும்வரை அவரோடு நின்றேன். இப்போதும் நிற்கிறேன்.

அம்மாவுக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கொள்ளு மூட்டைகளில் வண்டு விழாமல் இருக்க, விஷவாயு கக்கும் பூச்சி மாத்திரை போட்டு அறையைச் சாத்தி வைப்பது அப்போது எங்கள் வீட்டிலும் வழக்கம். மாத்திரை மாமாவின் மண்டியிலிருந்து வரும். மாமா என்றால் அம்மாவின் தம்பி, மாங்காய் மண்டி வைத்திருப்பவர். அவர் கெட்ட எண்ணத்தில் கொடுத்தார் என்று நான் சொல்லவே மாட்டேன். ஊரே அதைத்தான் போட்டது. ஒருநாள் அம்மா ஏதோ எடுக்க அந்த அறையைத் திறந்து உள்ளே போனவர், வாசற்படி தாண்டி வந்து விழுந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் அதன்பின் நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். கோயில் பாட்டில் முன்னால் கேட்கும் குரல் அவருடையது. அப்புறம் கேட்கவே இல்லை. அந்த மூச்சோடுதான் சில வருடம் இருந்து போனார்.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றைக்கு அண்ணன் மிச்ச மாத்திரையையெல்லாம் கொண்டுபோய் மாமாவின் மண்டி மேசைமேல் வைத்தார்.

"மாமா, இனிமே எங்க ஊட்டுக்கு இது வேணாம்."

"அப்பறம் வண்டுக்கு என்ன மாப்ள வெப்ப? வெத்தல பாக்கா?"

"சூடு வெப்பேன். எண்ணூறு டிகிரிய கட்டி மேய்க்கிறவன் நானு. ஒரு வண்டு, அது எம்மாத்தரம்?"

அன்று மண்டியே சிரித்தது. நானும் உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் அண்ணன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில், தார்ப்பாயின் மேல் கொள்ளை மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை மூடி, நாலு ஓரமும் மண் அணைத்துவிட்டார். உச்சி வெயில் அதற்குள் புகுந்துகொண்டு வெளியே வர வழி தெரியாமல் தவிக்கும். கையை விட்டுப் பார்த்தால் சுள்ளென்று சுடும். அந்தச் சூட்டில் வண்டும் செத்தது, பருப்புக்குள் இருந்த அதன் முட்டையும் வீணாய்ப் போனது. ஆறவைத்து, காற்றுப் புகாத டிரம்மில் போட்டு மூடிவிட்டால் அடுத்த அறுவடை வரை கொள்ளு கொள்ளாகவே இருந்தது. உத்தனப்பள்ளியில் இருக்கும் எங்கள் சித்தி வீட்டில் இன்றைக்கும் அவரைக்கு அதைத்தான் செய்கிறார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் அண்ணனை ஊரே மெச்சியிருக்கும். அவர் மாம்பழத்துக்குப் போனார்.

மாம்பழத்தில் பழ ஈ என்று ஒன்று இருப்பது தோப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் காய் முற்றும்போதே தோலில் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பழுத்து, வாங்கியவர் வீட்டில் வெட்டும்போதுதான் புழு நெளியும். பெங்களூரிலிருந்து பழம் வாங்க வரும் வியாபாரி ஒவ்வொரு கூடையிலும் ஒன்றை வெட்டிப் பார்த்து, "ஹுளா, ஹுளா" என்று கன்னடத்தில் புழுவைக் காட்டி, கூடையோடு ஒதுக்கிவிடுவார். அதற்குப் பயந்து பறிக்கிற வாரம்வரை மருந்தடிப்பார்கள். அண்ணன் சொன்னார், பறித்த காயை ஐம்பது டிகிரிக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் நிதானமாக ஊறவைத்தால் உள்ளே இருக்கிற முட்டையும் புழுவும் சாகும், பழம் வேகாது, மருந்தும் வேண்டாம். வெளிநாட்டுக்குப் போகிற மாம்பழத்துக்கு இப்படிச் செய்கிறார்கள் என்று எங்கோ கேட்டறிந்திருந்தார். நிரந்தர வேலையை விட்டார். ஃபர்னஸ் பிரிவில் கூட வேலை பார்த்த வெல்டர் நண்பர் ஒருவரை அழைத்து வந்து, எவர்சில்வர் தொட்டி கட்டி, அடியில் கொதிகலன் வைத்து, தண்ணீரைச் சுழற்ற மோட்டார் மாட்டினார். சம்பளத்தை விட்டு வந்தவனுக்குப் பித்து என்றார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் புழுவோடு குடும்பம் நடத்துகிறான் என்றார்கள். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும்.

அடுத்து வந்த அந்தோணியார் திருநாளுக்கு, தொட்டியில் ஊறி வந்த முதல் கூடைப் பங்கனபள்ளியை அண்ணன் காணிக்கையாகக் கொண்டுபோனார். எங்கள் கோயிலில் காணிக்கை ஆடு, கோழி, பழம் எல்லாம் பூசை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். கூடையை எடுத்தவர் மாமா. எடுத்ததோடு நிற்காமல், "எம்மாப்ள பழம், மருந்தில்லாத பழம், பாருங்கப்பா" என்று இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அங்கேயே ஒன்றை வெட்டினார். கேலியா பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொட்டைப் பக்கத்தில் புழு நெளிந்தது. இன்னொன்றை வெட்டினார். அதிலும் இருந்தது.

யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். பங்குத்தந்தைகூட வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டார். நான் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தேன், போய்விடலாம் என்று. அவர் நகரவில்லை. மாமாவின் கையிலிருந்த பாதிப் பழத்தை வாங்கிப் புழுவை உற்றுப் பார்த்தார்.

"உசுரோட இருக்குது. அப்ப நாந்தான் தோத்தன். எங்க தோத்தன்னு பாத்துட்டு வர்றன். அடுத்த வருசம் இதே எடத்துல வெட்டலாம் மாமா, கத்திய தீட்டி வையுங்க."

சொல்லிவிட்டுக் கூடையைத் திரும்பத் தலையில் ஏற்றினார். ஏலம் எடுத்த பழம் அது, மாமாவுடையது. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கே தோற்றார் என்று கண்டுபிடித்தது அண்ணன் இல்லை. தோட்டக்கலை ஆராய்ச்சியில் இருக்கும் ஓர் அதிகாரி அம்மா, எங்கள் தோப்புக்கு வந்தவர், அண்ணன் வேலை செய்வதை ஓரமாக நின்று பார்த்தார். அண்ணன் வெந்நீரிலிருந்து கூடையைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் பக்கத்திலிருந்த பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்.

"அது ஏன் சார்?"

"குவென்ச் மேடம். காய்ச்சினா ஒடனே முக்கணும்."

"முக்கினா இரும்புக்கு நல்லது. இங்க புழுவுக்கு நல்லது. தோல் சுட்டுப்போச்சு சார், ஆனா கொட்டகிட்ட சூடு இப்பத்தான் போய்ச் சேந்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள குளுந்த தண்ணில போட்டு, நீங்களே புழுவுக்குக் குடை பிடிச்சிருக்கீங்க."

அண்ணன் அவரோடு சண்டை போட்டார். இத்தனை வருட ஃபர்னஸ் அனுபவத்தை எல்லாம் எடுத்து விட்டார். நான்தான் குறுக்கே புகுந்து, "அண்ணா, இட்லி குண்டான எறக்கி வெச்ச பொறவும் உள்ள வேகுதில்ல? எறக்குன ஒடனே பச்சத் தண்ணி ஊத்துனா நடு இட்லி மாவாத்தான் இருக்கும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். அப்புறம் தலையில் படாரென்று அடித்துக்கொண்டு சிரித்தார். இரும்பைக் காய்ச்சிய கை, மாம்பழத்தையும் இரும்பென்றே நினைத்துவிட்டது. அன்று அந்த அம்மாவைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. போகும்போது, "மேடம், நான் சண்ட போட்டத மனசுல வெச்சுக்காதீங்க, நீங்க சொன்னத நான் வெச்சுக்கறன்" என்றார்.

பச்சைத் தண்ணீர்த் தொட்டியை அன்றைக்கே காலி செய்து மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வைத்துவிட்டார். அதன்பின் வெந்நீரிலிருந்து எடுத்த பழத்தைக் கொட்டகை நிழலில் பரப்பி, தானாக ஆறும்வரை யாரையும் தொடவிடமாட்டார். அவசரப்பட்டு எதையும் செய்து பழகியவர், பழத்துக்கு முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டார்.

அடுத்த திருநாளுக்கு அதே முற்றத்துக்குக் கூடையோடு போனார். அந்த முறை ஏலத்துக்கு விடவில்லை. மாமாவின் கத்தியைக் கேட்டு வாங்கி, கூடையில் இருந்த அத்தனை பழத்தையும் வெட்டித் தட்டில் அடுக்கினார். ஒன்றிலும் புழு இல்லை. பிள்ளைகள் எடுத்தார்கள், பெரியவர்கள் எடுத்தார்கள், பங்குத்தந்தை இரண்டு துண்டு எடுத்தார். மாமாவும் ஒரு துண்டை வாயில் போட்டு, நிதானமாக மென்று, "இனிப்பு கம்மி" என்றார். அண்ணனுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் "இனிப்பு கம்மியாம், இனிப்பு கம்மியாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அதற்குப்பின் எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். கரண்ட் போகும், மோட்டார் நிற்கும், ஒரு பக்கம் சூடு ஏறி ஒரு கூடைப் பழம் வெந்தே போகும். தோப்பிலேயே அழுகத் தொடங்கிய காயை எந்த வெந்நீரும் காப்பாற்றாது, அதைப் பொறுக்கி ஒதுக்குவதிலேயே தினம் ஒரு சண்டை. ஆனாலும் பெங்களூர் வியாபாரி எங்கள் கூடையை வெட்டிப் பார்ப்பதை நிறுத்தினார். அக்கம்பக்கத் தோப்புக்காரர்கள் சிலர் பறிப்புக்கு முன் மருந்தடிப்பதை விட்டுவிட்டு, காயை எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். இது போதும் என்று அண்ணன் சொல்லமாட்டார். நானும் சொல்லமாட்டேன்.

சென்ற வருடம் இதே சீசனில், பழம் தொட்டியில் இருக்கும்போதே அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் கூடவே இருந்தேன். ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து விலக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"பாப்பா, பழத்த எடுத்துட்டாங்களா?"

"எடுத்தாச்சுண்ணா."

"தண்ணில போட்டுட்டாங்களா?"

"இல்லண்ணா. நெழல்ல பரப்பியிருக்குது. தானா ஆறட்டும்னு சொல்லிட்டுத்தான் வந்தன்."

கண்ணை மூடிக்கொண்டார். அன்று மதியம் போய்விட்டார். ஜெபம் சொல்லிக்கொண்டு போனார், என் பெயரைச் சொல்லிக்கொண்டு போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது இதுதான். அவரை நினைத்து நான் அழாத நாள் இல்லை. அழுதுகொண்டேதான் இதையும் எழுதுகிறேன்.

கொதிகலன் ஆவியில் நின்று நின்றே அவர் செத்தார் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. எங்கள் அப்பாவும் அதே நெஞ்சு வலியில்தான், ஆவியே பார்க்காமல், களத்தில் விழுந்தார். மருத்துவரும் அதைத்தான் சொன்னார். அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கேட்கவில்லை என்றால் என் மெஸ்ஸுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அண்ணனின் துன்ப நேரத்தில் ஓடி வந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், சிரித்ததை மறைத்தும் பழத்தை மறைக்காமல் தின்றும் எங்களுக்குத் துணைநின்ற பங்குத்தந்தைக்கும், சண்டைக்கு அஞ்சாத அதிகாரி அம்மாவுக்கும், இந்த சீசனிலும் மோட்டார் நின்றால் ஓசூரிலிருந்து பஸ் ஏறி வரும் வெல்டர் அண்ணனுக்கும், இழவு வீட்டுக்கு மொழி தெரியாமலும் வந்து கடைசிவரை நின்ற பெங்களூர் வியாபாரிக்கும், பாடை சுமந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்குத் தனியாக. பாடையின் முன்கால் பிடித்தவர் அவர். அன்று அவர் அழுத அழுகையில் பொய் இல்லை. முப்பதாம் நாள் தொட்டியை இரும்புக்குப் போடச் சொன்னவரும் அவர்தான். இரண்டையும் நான் மறக்கவில்லை.

இப்போது என் பதில். மெஸ்ஸைச் சமையல்கார அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு இந்த சீசனுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். கொதிகலனைப் பற்றவைத்தது நான்தான். அக்கம்பக்கத் தோப்புக் காய்கள் ஏற்கெனவே ஊறி, ஆறிப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த மலரோடு உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பங்கனபள்ளியும் தரப்பட்டிருக்கும். இதை நான் எழுதும்போது அந்தப் பழங்கள் மரத்தில்தான் தொங்குகின்றன. மருந்து அடிக்கவில்லை. ஈக்கள் வந்து உட்காருவதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழத்தைப் பார்த்துவிட்டு எழுதலாமே என்று அச்சகத்தில்கூடச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். எழுத்தில் ஏறிவிட்டால் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன். பறிப்பேன், வெந்நீரில் ஊறவைப்பேன், எடுத்து நிழலில் பரப்பி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கோயில் முற்றத்தில் மேசை போட்டிருக்கிறது, கத்தியும் இருக்கிறது. எல்லார் முன்னாலும் வெட்டுங்கள். ஒரு பழத்தில் உயிரோடு ஒரு புழு இருந்தால்கூட, எங்கே தோற்றேன் என்று பார்த்துவிட்டு அடுத்த வருடம் இதே மேசைக்கு வருவேன். தொட்டி எங்கேயும் போகாது.

மாமா, முதல் வெட்டு உங்களுடையது.

அண்ணனின் தங்கை